எனக்குச் சாமி வந்த பிரசவம்

மேலகரத்தில் வந்து "சாமி வந்த அம்மா வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் வீட்டைக் காட்டும். அந்தப் பெயரை நான் தேடிப் போகவில்லை, அதுவாக வந்தது. வந்த பிறகு விடவில்லை, அவ்வளவுதான்.

என் ஒரே மகளைப் பெற்ற அன்றைக்கு வந்த பெயர் அது. கல்யாணமாகி வெகுகாலம் வயிறு திறக்காமல் இருந்து, முப்பதைத் தாண்டித்தான் உண்டானேன். வலி எடுத்து வீட்டுக்குள் பாயில் கிடந்தபோது கண்ணுக்குள் மின்னல் மாதிரி ஒரு வெளிச்சம் வெட்டியது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. உடம்பு வில்லாக வளைந்ததாம். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்ததாம். பிரசவம் பார்க்க வந்த கிழவி பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ள, என் மாமியார்தான் கற்பூரத்தை ஏற்றி, "வந்திருக்கது யாரு, சொல்லு" என்று கேட்டாளாம். நான் உர்ரென்று ஏதோ சத்தம் போட்டேனாம். ஊர்க்கோடி அம்மன்தான் என்று முடிவாகிவிட்டது. அந்தச் சத்தத்தில் அம்மன் எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. மரியாதையான முடிவாக இருந்ததால் நானும் விசாரிக்கவில்லை.

நான் கண் விழித்தபோது பக்கத்தில் பிள்ளை கிடந்தது. என் நெற்றி நிறையத் திருநீறு, வாயெல்லாம் ரத்தம், நாக்கில் ஒரு வெட்டு. என் மாமியார் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை எனக்குச் சோறு வைக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தவள் அவள். இப்படி ஒரு காட்சியைப் பார்த்த பிறகு, வந்தது சாமி இல்லை என்று சொல்ல நான் என்ன பைத்தியமா?

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் திருநீறு வாங்க ஆள் வரும். உண்டான பெண்கள், பிள்ளை வேண்டுகிறவர்கள், சோறு தின்னாத பிள்ளையைத் தூக்கி வருகிறவர்கள் என்று பல பேர். யாராவது சந்தேகமாகப் பார்த்தால் நாக்கை நீட்டி அந்தத் தழும்பைக் காட்டுவேன். அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். ஒரே சங்கடம் என்னவென்றால், அந்த ஒரு தடவைக்குப் பிறகு சாமி என் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. வருஷா வருஷம் ஆடி மாதம் கோயில் கொடைத் திருவிழாவில் மேளம் உச்சத்துக்குப் போகும்போது ஊரே என்னைப் பார்க்கும். நான் கண்ணை மூடி நிற்பேன். ஒன்றும் வராது, வேர்வைதான் வரும். ஒரு வருஷம் மானம் காப்பதற்காக நானே இரண்டு எட்டு ஆடிப் பார்த்தேன். முட்டி பிசகிவிட்டது. மறு வருஷத்திலிருந்து, "எனக்குள்ள இருக்கது அமைதியான சாமி" என்று சொல்லிவிட்டேன். அதையும் நம்பினார்கள்.

நம்பாத ஒரே ஆள் என் மகள். அவள் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் அந்தக் கதையை எடுத்தாலே எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். கூடப் படித்த பிள்ளைகள் சிறுவயதில் அவளை "சாமி பெத்த பிள்ளை" என்று கேலி செய்தார்களாம். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. கதையை முழுசாக ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை.

போன வருஷம் அவள் உண்டானாள். அவளும் என்னைப் போலவே தாமதம்தான். மூன்றாம் மாதம் முடிகிற சமயம் தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டப் போனோம். மதுரைப் பக்கத்துப் பெண், வயது குறைவு, பேச்சில் நிதானம். எல்லாம் விசாரித்துவிட்டுக் கேட்டார்:

"உங்க அம்மாவுக்கு மாசமா இருக்கும்போது பிரஷர் வந்திருக்கா? ஃபிட்ஸ் ஏதும்?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்க குடும்பத்துல பிரஷரும் கிடையாது, சுகரும் கிடையாது டாக்டரம்மா. இவளை வீட்டுலதான் பெத்தேன்."

"எந்தச் சிரமமும் இல்லையா?"

"ஒரு சிரமமும் இல்ல. சாமி துணை."

நான் பொய் சொன்னதாக நினைக்க வேண்டாம். என் கையில் பட்டையைச் சுற்றி யாரும் அளந்ததே இல்லை. அளக்காத பிரஷர் எனக்கு எப்படி இருக்கும்?

நர்ஸ் வந்து மகள் கையில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தாள். "மெலிஞ்ச பிள்ளைக்கு என்னத்துக்கு இத்தனை ரத்தம் எடுக்குதிய?" என்று கேட்டேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "உள்ள நஞ்சுக்கொடி நல்லா வேர் பிடிச்சா, அது ஒரு பொருளை ரத்தத்துல விடும். அந்தப் பொருள் கொறஞ்சிருந்தா, பின்னால பிரஷர் ஏற வாய்ப்பு இருக்குன்னு இப்பவே கணக்குப் போடலாம். ஸ்கேன், இப்ப பாத்த பிரஷர், குடும்பத்துல இருக்கா இல்லையா, எல்லாத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு."

"அப்ப இது ஜோசியம்லா?"

"ஜோசியம்தான் வச்சுக்கங்களேன். கட்டத்துல பாக்காம ரத்தத்துல பாக்குறோம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. வருவதை முன்கூட்டிச் சொல்வது இத்தனை வருஷமாக என் வேலை. அதை ஒரு சின்ன ரத்தக் குழாய் செய்யப்போகிறதாம். அந்த ரத்தம் சோதனைக்குச் சென்னைக்குப் போகும் என்றார்கள். நான் மதுரையைத் தாண்டியதில்லை. என் மகள் ரத்தம் எனக்கு முன்னால் சென்னை பார்த்துவிட்டது.

முடிவு வந்த அன்று மறுபடி போனோம். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே நெற்றியைச் சுருக்கினார்.

"பார்டர்ல நிக்குது. பயம்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. இதுக்கு ஆஸ்பிரின்னு ஒரு சின்ன மாத்திரை இருக்கு, ராத்திரி ஒண்ணு. நாலு மாசம் முடியுறதுக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பலன். ஆனா உனக்கு முன்னால குடல் புண்ணு வந்து ரத்தம் கசிஞ்சிருக்கு, இந்த மாத்திரை அதைக் கிளறிவிடலாம். அதான் யோசிக்கிறேன். அம்மாவுக்கு இருந்திருந்தா யோசிக்காமக் குடுத்திருப்பேன். அவங்க இல்லைங்கிறாங்க. அடுத்த வாரம் வா, முடிவு பண்ணலாம்."

படித்த டாக்டர் என் வார்த்தையைக் கணக்கில் சேர்த்திருக்கிறாளே என்று எனக்கு ஒரே பெருமை. கிளம்பும்போது மகளிடம் அவர் சொல்லி அனுப்பினார்: முகம் திடீரென்று வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், கண்ணில் மின்னல் மாதிரி ஏதாவது தெரிந்தால், எந்த நேரமானாலும் உடனே வந்துவிட வேண்டும். நான் தலையை ஆட்டிக்கொண்டே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் எங்கள் அம்மன் கொடை. கோயில் பக்கத்தில் பெண்கள் கூடி உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டுக்காரி புதிதாக வந்த மருமகளைக் கூட்டிவந்து என் முன்னால் உட்கார வைத்தாள்.

"மதினி, அன்னைக்கு நடந்ததை இவளுக்குச் சொல்லுங்க. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியுது?"

கேட்காமலே சொல்லுகிறவள் நான், கேட்டால் விடுவேனா? குரலை இறக்கினேன். அந்தக் கதைக்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறேன்.

"வலி எடுக்குறதுக்கு முன்னாலயே தலைவலி. மண்டையைப் பொளக்குது. என்ன தைலம் போட்டும் கேக்கல. முகம் பௌர்ணமி நிலா மாதிரி ஆயிட்டு."

"அம்மன் முகம்லா!" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"காலு ரெண்டும் தூணு. அப்புறம் கண்ணுக்குள்ள மின்னல் மாதிரி ஒரு..."

அதோடு நிறுத்திவிட்டேன். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது முழுவதும் இப்போது வரிசையாக வந்து நின்றது. முகம், தலை, கண். நான் என் கதையைச் சொல்கிறேனா, டாக்டரம்மா சொன்னதை ஒப்பிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இடையில் நிறுத்தாமல் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை அது. வாய் திறந்தபடி இருந்தது, வார்த்தை வரவில்லை.

"ஏட்டி, மதினிக்கு வந்திட்டு! சாமி வந்திட்டு!"

ஒருத்தி குலவை போட்டாள். இன்னொருத்தி கற்பூரத்தோடு ஓடிவந்தாள். மேளக்காரர் ஒருவர் எங்கள் பக்கம் திரும்பி ஓங்கி அடிக்க ஆரம்பித்தார். எதிர்வீட்டுக்காரி கையைக் கூப்பிக்கொண்டு, "வந்திருக்கது யாரும்மா?" என்று நடுங்கினாள்.

"நான்தாட்டி வந்திருக்கேன். கொஞ்சம் தண்ணி குடு."

அதையும் அம்மன் தண்ணீர் கேட்டதாக எடுத்துக்கொண்டு குடத்தோடு கொண்டுவந்து என் தலையில் ஊற்றிவிட்டார்கள்.

மறுநாள் குற்றாலத்து ஐந்தருவிக்குப் போனேன். சீசன் உச்சத்தில் இருந்தது, சாரல் முகத்தில் அடித்தது. எனக்கு ஒரு யோசனை. அவ்வளவு தண்ணீர் தலையில் விழும்போதாவது சாமி வருகிறதா பார்க்கலாம். வந்துவிட்டால் அன்றைக்கு வந்ததும் சாமிதான். டாக்டரம்மாவிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. பெண்கள் பக்கம் வரிசையில் நின்று, முறை வந்ததும் உள்ளே போய்த் தலையைக் கொடுத்தேன். "அன்னைக்கு வந்தது நீதான்னா இப்ப ஒரு தரம் வா. எனக்காக இல்ல, மகளுக்காகக் கேக்குதேன்" என்றேன். தண்ணீர் முதுகில் அறை அறையென்று அறைந்தது. பல் கிட்டியது. குளிர்தான் வந்தது.

"ஆச்சி, எவ்வளவு நேரம் நிப்பிய? பொறத்தாலே ஆளு நிக்குல்லா!" என்று ஒரு பெண் என்னை நகர்த்திவிட்டாள்.

மகள் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம். இதில் எது பெரிது என்று யாரிடம் கேட்டாலும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் அருவி வரை வந்து கேட்க வேண்டியிருந்தது. என் பெருமை எத்தனை கனம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படியேறி வெளியே வந்தால் எதிரே என் மருமகன். அவர் போலீஸ், சீசன் முழுக்க அங்கேதான் டியூட்டி. கூட்டத்தை ஒழுங்குபடுத்த விசிலை வாயில் வைத்தவர் என்னைப் பார்த்து அப்படியே எடுத்துவிட்டார்.

"அத்தை, தனியா இங்கன என்ன பண்ணுதிய?"

"ஏன், சீசன்ல நான் குளிக்கக் கூடாதா?"

"குளிங்க. ஆனா உதடெல்லாம் நீலமா இருக்கே."

"டியூட்டி எப்ப முடியும் மாப்பிள்ளை? என்னைத் தென்காசியில அந்த டாக்டரம்மாகிட்ட கொண்டு விடணும்."

"உங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணை இறக்கி வைக்கணும்."

மாலையில் அவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் வெளியே நின்றுகொள்ள, நான் மட்டும் உள்ளே போனேன். முதலில் அமைதியான குரலில்தான் ஆரம்பித்தேன். பிறகு கதைக்கென்று வைத்திருந்த குரல் தானாக வந்துவிட்டது. டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மா, சாமியை விட்டுருங்க. உடம்புக்கு என்ன ஆச்சு, அதை மட்டும் சொல்லுங்க."

சாமியை விட்டுவிட்டுப் பார்த்தால் கதை ரொம்பச் சின்னதாக இருந்தது. தலைவலி, வீக்கம், மின்னல், இழுப்பு, நினைவில்லை. இரண்டு மூச்சில் முடிந்துவிட்டது. இத்தனை வருஷமாக அதை இழுத்து இழுத்து எவ்வளவு நேரம் சொல்லியிருக்கிறேன்!

"நாக்கைக் கடிச்சீங்களா?"

நாக்கை நீட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற நாக்கு அது. அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பிரஷர் ஏறி வந்த ஃபிட்ஸ் இது. ஆஸ்பத்திரியில்லாம, மருந்தில்லாம நீங்க பொழச்சதே பெரிசும்மா. பிள்ளையும் பொழச்சிருக்கு."

"அப்ப சாமி வரலையா?"

அவர் டார்ச்சை அணைத்தார். "சாமி வந்துச்சா வரலையான்னு எனக்குத் தெரியாதும்மா. பிரஷர் வந்திருக்கு."

சொல்லிக்கொண்டே என் கையில் பட்டையைச் சுற்றினார். அது இறுக்கி, மெதுவாக விட்டது. மறுபடியும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"இப்பவும் இருக்கு. நல்லாவே இருக்கு. குடும்பத்துல கிடையவே கிடையாதுன்னு சொன்னீங்களே?"

"அளந்து பாக்கல டாக்டரம்மா."

அங்கேயே மகளுக்கு போன் போட்டு, நாளைக்கே வரச் சொன்னார். புண்ணுக்குக் காவலாக ஒரு மாத்திரை, ராத்திரிக்கு அந்தச் சின்ன ஆஸ்பிரின் என்று முடிவானது. எனக்கும் காலையில் ஒன்று எழுதினார். மகள் விஷயமாகப் போன இடத்தில் நானும் நோயாளியாகித் திரும்பினேன்.

இரவு சாப்பாட்டுக்கு முன்னால் மகள் என் வீட்டுக்கு வந்தாள். மருமகன் வழியில் எல்லாம் சொல்லியிருப்பார் போல. என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் நாக்கை நீட்டிக் காட்டுனியே யம்மா, ஒரு டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"டாக்டர் கும்பிட மாட்டாளே."

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், "என்னைப் பெக்கப் போயித்தான் இப்படிக் கிடந்தியா? சொல்லு, மொதல்ல இருந்து சொல்லு" என்றாள். கதை ஆரம்பித்தாலே எழுந்து போகிறவள் அன்றைக்கு அசையாமல் உட்கார்ந்து கேட்டாள். கேட்க ஆள் கிடைத்தபோது என்னிடம் சொல்லக் கதை இல்லை. தலை வலித்தது, கண் மின்னியது, நீ பிறந்தாய் என்று சொல்லி முடித்தேன். அவள் என் காலைப் பிடித்துப் பார்த்தாள், கும்பிடுவதற்காக இல்லை, வீக்கம் இருக்கிறதா என்று.

தெருவில் விஷயம் பரவியது. சாமி என்னை விட்டுப் போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள். கொடையன்று தண்ணீர் ஊற்றியதில்தான் கோபித்துக்கொண்டது என்று சிலர். செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைந்தது. வந்த பெண்களிடம், "திருநீறு தாரேன், ஆஸ்பத்திரியில போய்ப் பிரஷர் பாத்திட்டு வா" என்றேன். அதற்குப் பிறகு கூட்டம் இன்னும் குறைந்தது.

நாங்கள் நாளை எண்ணாமல் வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். எட்டாம் மாதம் மகள் கால் வீங்கியது, பிரஷர் கொஞ்சம் ஏறியது. என் கதை அவள் உடம்பில் முதலிலிருந்து நடக்கிறதோ என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை இரண்டு பொருளைப் பார்க்கிறார்களாம், ஒன்று நல்லது, ஒன்று அந்த நல்லதைப் பிடித்து வைத்துக்கொள்வது. எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, "இந்த ஒரு வாரத்துக்குப் பயமில்ல" என்றார் டாக்டரம்மா. ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கச் சொல்லும் ஜோசியத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் திருநீற்றுக்குக்கூட அந்தத் துணிச்சல் கிடையாது. அடுத்த வாரமும் அப்படியே போனது, அதற்கடுத்ததும்.

தை பிறந்ததும் பிரஷர் மறுபடி ஏறியது. டாக்டரம்மா காத்திருக்கவில்லை. "பிள்ளை வெளிய வரலாம், மாசம் நெறஞ்சிருச்சு. இனி உள்ள இருக்கிறதுதான் ஆபத்து" என்று அட்மிஷன் போட்டார். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. எடை குறைவு, ஆனாலும் கையைக் காலை நன்றாக உதைத்தது. மகளுக்கு இழுப்பு வரவில்லை. அவள் எல்லாம் தெரிந்து கண் திறந்து கிடந்தாள். தன் பிள்ளை பிறந்ததை அவள் பார்த்தாள். என் பிள்ளை பிறந்ததை நான் பார்த்ததில்லை.

பிள்ளை பிறந்த பிறகும் பிரஷர் ஏறலாம், சில நாள் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் கட்டில் பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மத்தியானம் மகள் புரண்டு படுத்து, "யம்மா, தலை வலிக்கு" என்றாள்.

அவ்வளவுதான். சேலை முந்தி தரையில் இழுபட, செருப்பில்லாமல் வராந்தாவில் ஓடினேன். "நர்சம்மா! தலை வலிக்குங்கா! ஓடி வாங்க!" என்று நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வார்டில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கொடையில் ஒரு வருஷமாவது இப்படி ஓடியிருந்தால் ஊரே என்னைக் கொண்டாடியிருக்கும். நர்ஸ் வந்து பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"நல்லா இருக்கு ஆச்சி. தூக்கமில்லாத தலைவலி."

"நல்லாப் பாத்தியளா?"

"நீ போட்ட சத்தத்துல இல்லாத தலைவலியும் வந்திரும்" என்றாள் மகள், கண்ணை மூடிக்கொண்டே.

என் சத்தத்தில் வார்டில் இருந்த பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தன. ஒவ்வொரு தாயும் என்னை முறைத்தபடி தன் பிள்ளையை அமர்த்தினாள். எல்லாம் அடங்கிய பிறகும் எங்கள் பிள்ளை மட்டும் நிறுத்தவில்லை. அத்தனை பிள்ளைகளிலும் அதற்குத்தான் சின்ன உடம்பு. அதை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, இவ்வளவு தெம்பு இருக்கிறதே, அழட்டும் என்று விட்டுவிட்டேன். மகள் அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போனாள்.